குழை கட்டிய மாதம்

என்னுடைய நாட்குறிப்புக் கொப்பிகளில் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் இடைப்பட்ட பக்கங்கள் எல்லா வருடமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலில் திகதி, பிறகு கிழமை, பிறகு நேரம். அதன் கீழே, "தரவையில் ஆளில்லை. மாடில்லை. நீர் வற்றுகிறது." சில நாட்களில் நீரின் எல்லை எந்தக் கல்லில் நிற்கிறது என்பதையும், பூநாரைகள் இன்னும் இருக்கின்றனவா போய்விட்டனவா என்பதையும் சேர்த்திருப்பேன். எழுதியபோது இந்த வரிகளில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கண்டதை எழுதினேன். இப்போது அந்த வரிகளுக்குள்ளேதான் நானும் என் ஊரும் அகப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

தரவை என்பது எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல்நீரேரி வரைக்கும் பரந்து கிடக்கும் பொது நிலம். மரமில்லை, வேலியில்லை. மாரியில் முழங்காலளவு தண்ணீர், கோடையில் வெடித்த சேறு, இடையில் சில மாதங்கள் புல். கோப்பாய்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற ஒருவர் யன்னலால் எட்டிப் பார்த்தால் வெறும் வெட்டை என்றுதான் சொல்வார். ஊர் மாடுகள் அதில்தான் மேய்கின்றன. மாரித் தண்ணீர் அங்கே தங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குவதால்தான் அதன் கரையிலுள்ள கிணறுகள் உவராகாமல் இருக்கின்றன. என் வீட்டுக் கிணறும் அவற்றில் ஒன்று.

நான் உப தபாலகமொன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். உத்தியோக காலத்தில் காலையில் என் முதல் வேலை திகதி முத்திரையை மாற்றுவது. ஒரு நாள் மாற்ற மறந்தால் அன்றைய கடிதங்கள் எல்லாம் நேற்றே போய்விடும். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. வேலையில் இருந்தபோதே தொடங்கிய பழக்கம் இது: காலை ஆறரைக்குச் சைக்கிளில் எங்கள் தெரு ஒழுங்கை தரவையைத் தொட்டு முடியும் மதகடிக்குப் போவேன், பத்து நிமிடம் தரவையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், திரும்பி வந்து தேத்தண்ணி குடிக்கும் முன் எழுதுவேன். எனக்கு ஒரு விதி இருந்தது. கண்ணால் கண்டது மட்டும். கேள்விப்பட்டது, நினைத்தது, எல்லாருக்கும் தெரிந்தது, இவற்றுக்குக் கொப்பியில் இடமில்லை. ஓரளவு வாசிக்கிறவன் நான். பழைய பயணக் குறிப்புகளிலும் ஊர் வரலாறுகளிலும் ஊகத்தைச் செய்தியாக எழுதியவர்கள் மீது எனக்கு எப்போதும் கோபம் இருந்தது. அந்தத் தவறை நான் செய்யமாட்டேன் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கொழும்பிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். தரவையில் பெரிய சூரிய மின்னுற்பத்தித் திட்டமொன்று வரப்போகிறது என்று ஊரில் அதற்கு முன்பே கதை இருந்தது. "வெயில் பிடிக்க வாறாங்களாம்" என்று சந்தைக்குப் போகிற பெண்கள் சிரித்தார்கள். வந்தவர் திட்டக்காரர்களுக்காக அந்த இடத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிற ஆலோசகர். தமிழர், ஐம்பது வயதிருக்கும், பணிவானவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.

"ஐயா, தரவையைப் பற்றி இவ்வளவு காலம் எழுதி வைச்சிருக்கிற ஆள் நீங்கள் மட்டும்தான் எண்டு ஊரிலை சொன்னவை. பார்க்கலாமோ?"

என்னை அப்படி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. என் மனைவி அந்தக் கொப்பிகளைக் கறையான் தீனி என்பாள். நான் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன். அவர் கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தார். பூநாரை வந்த திகதிகளை வருடவாரியாக வாசித்துவிட்டு, "அற்புதம் ஐயா" என்றார். வெறும் புகழ்ச்சியாகச் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. அன்றைய குறிப்பில், "கொப்பிகள் பயன்பட்டன" என்று எழுதினேன்.

கார்த்திகையில் அறிக்கையின் வரைவு பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அதைப் பிரதியெடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்தார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், என்னை விட ஐந்து வயது இளையவர். சேற்றுக்காலோடு உள்ளே வந்து ஒரு பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணை, இதை வாசியுங்கோ. சத்தமாய் வாசியுங்கோ."

வாசித்தேன். அந்த நிலத்தில் மாரி, கோடை, புல் துளிர்க்கும் தை மாசி என வருடத்தின் கணிசமான பகுதியில் மனித நடமாட்டமோ மேய்ச்சலோ இல்லை. உள்ளூர்வாசி ஒருவரின் நீண்டகால நாளாந்தப் பதிவுகள் இதை உறுதிப்படுத்துகின்றன. ஆகவே அது பயன்பாடற்ற அரச காணியாகக் கருதப்படலாம். இதுதான் சாரம். அடிக்குறிப்பில் என்னுடைய வரிகள் இருந்தன. ஆளில்லை. மாடில்லை.

"உந்த உள்ளூர்வாசி ஆர் அண்ணை?" என்றார் தலைவர்.

நான் தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மாதத்தில் தரவையில் ஏன் ஆளில்லை என்பது எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு மறுநாள் மதகடியில் இரண்டு தடிகளை நட்டுக் குறுக்கே கயிறு இழுத்து, அதில் பூவரசம் குழையை, இலையோடு முறித்த கொப்பை, கட்டுவார்கள். குழை கட்டினால் ஆளும் இறங்குவதில்லை, மாடும் இறங்குவதில்லை. தண்ணீர் வற்றிச் சேறு இறுகுகிற காலம் அது. அப்போது மாட்டுக் குளம்பு பட்டால் புல்லின் வேர் அறும், அந்தக் குழிகளால் உப்பு மேலே வரும், பிறகு அந்த இடம் வெள்ளையாய்க் காய்ந்து கிடக்கும். ஆகவே ஊர் மாடுகள் அந்த மாதம் அறுவடை முடிந்த வயல்களில் நிற்கும். மாசி மகத்தன்று குழையை அவிழ்ப்பார்கள். போரில் இடம்பெயர்ந்து பல வருடங்களுக்குப் பின் ஊர் திரும்பியபோது, வீடுகளுக்குக் கூரை போட முன்னரே முதல் தைப்பூசம் வந்தது. அன்றைக்கும் குழை கட்டினோம். கயிற்றின் ஒரு நுனியை நானே பிடித்தேன்.

அதையும் நான் எழுதவில்லை. இருபத்தேழு கொப்பிகளையும் அந்த வாரம் முழுக்கப் புரட்டினேன். நீர் எந்தக் கல்லில் நின்றது என்று இருக்கிறது. எந்தத் திகதியில் எந்தப் பறவை என்று இருக்கிறது. குழை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மதகடியில் நின்று பார்க்கும்போது அது என் தோளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கும். எங்கள் கிணற்றில் கயிறு இருக்கிறது என்று யார் எழுதுவார்கள்?

ஆட்சேபக் கடிதத்தை நானே எழுதினேன். குழை கட்டும் வழக்கத்தை ஒழுங்காக, காரணத்தோடு விளக்கினேன். பதினொரு நாள் கழித்து ஆலோசகர் தொலைபேசியில் பேசினார்.

"ஐயா, நீங்கள் சொல்லுறதை நான் நம்பிறன். ஆனால் மேலை இருக்கிறவை எழுத்திலை கேப்பினம். வேறை எங்கையாவது எழுதியிருக்கே? கோயில் ஏட்டிலை, சங்கக் கூட்ட அறிக்கையிலை?"

"இல்லை."

"உங்கடை கொப்பியிலை?"

அவர் எல்லாப் பக்கங்களையும் பார்த்தவர். கேலிக்காகக் கேட்கவில்லை, எனக்கு ஒரு வழி விடத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "அதிலையும் இல்லை" என்றேன்.

மார்கழியில் தலைவர் மறுபடி வந்தார். இந்த முறை மெதுவாகக் கதைத்தார். "ஒரு வரிதானே, அண்ணை. ஒவ்வொரு வருசமும் பூசத்துக்கு அடுத்த நாள் பக்கத்திலை, குழை கட்டியாச்சு எண்டு ஓரமாய் எழுதிவிடுங்கோ. பொய்யில்லையே? கட்டினதுதானே?"

"கட்டினது மெய். அண்டைக்கு எழுதினன் எண்டதுதான் பொய்."

"உங்கடை மெய்யை வைச்சுக்கொண்டு கிணத்திலை உப்புத் தண்ணி அள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஒழுங்கை திரும்பும் வரைக்கும் அவருடைய சைக்கிள் மணி தேவையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் நான் ஒரு காரியம் செய்தேன். ஊர் திரும்பிய வருடத்துக் கொப்பியை எடுத்து, பூசத்துக்கு அடுத்த நாள் பக்கத்தில், பென்சிலால், "மதகடியில் குழை கட்டினோம்" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். என் பழைய கையெழுத்து சாய்ந்திருந்தது. இப்போதைய எழுத்து நிமிர்ந்து, கொஞ்சம் நடுங்கி, வேறு யாரோ எழுதியது போல் நின்றது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஆலோசகருடைய தொலைபேசியில் படம் இருக்கிறது. அழித்தேன். பென்சில் போய்விட்டது, தாளில் தேய்த்த இடம் மட்டும் மங்கலாகப் பளபளக்கிறது. இனி அந்தப் பக்கத்தை எவருக்கும் காட்ட முடியாது.

தை பிறந்து நான்காம் நாள் ஆலோசகரிடமிருந்து இன்னொரு தகவல் வந்தது. ஆட்சேபத்தை முற்றாகத் தள்ளவில்லை. கொழும்பிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்க்கும். நிலம் பாவனையில் இருப்பதை அவர்கள் கண்டால் திட்டத்துக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று எழுதுவார்கள். வருகிற நாள், சிவராத்திரிக்கு முந்திய வியாழன்.

திகதியைக் கேட்டதும் கலண்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் நடுவில், சேறு இன்னும் இறுகாமல் மிக இளகிக் கிடக்கிற வாரம். பங்குனிக்கு மாற்ற முடியாதா என்று கேட்டேன். "கேட்டுப் பாத்தனான் ஐயா. அவையின்ரை அட்டவணையிலை வேறை நாள் இல்லையாம்" என்றார்.

பூசத்துக்கு மறுநாள் வழக்கம்போலக் குழை கட்டினார்கள். அதைக் கட்டுகிறவள் ஊரில் அதிக மாடு வைத்திருக்கிற பெண். என்னை அண்ணை என்பாள், ஐம்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய கணவனின் வேலை அது. அவர் இறந்த பிறகு இவள் யாரிடமும் கேட்காமல் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள், யாரும் மறுக்கவில்லை. ஒரு கிழமை கழித்து, வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம்.

"அதிகாரிகள் வாற அண்டைக்கு மாடுகள் தரவையிலை நிக்கவேணும்" என்றார் தலைவர்.

 பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், "மாட்டுக்கு அடையாள அட்டையும் எடுத்துக் குடுப்பம்" என்றார். சிரிப்பு எழுந்தது.

அந்தப் பெண் எழுந்தாள். "சேர், இறக்கினால் புல்லுப் போகும். தெரிஞ்சுதானே கதைக்கிறியள்?"

"இறக்காட்டில் தரவையே போகும்."

"கரையிலை கட்டி வைப்பம். மதகடியிலை. சேறு இல்லாத இடத்திலை."

"அவை மேலாலை பறக்கவிட்டுப் படம் எடுக்கிற கமராவோடை வருவினம், தங்கச்சி. கரையிலை கட்டின மாடு ஒழுங்கையிலை நிக்கிற மாடு. நடுவிலை நிக்கவேணும்."

"அப்ப குழையைக் காட்டிச் சொல்லுவம். இதுக்காகத்தான் ஒருதரும் இறங்கேல்லை எண்டு."

"ஒரு பூவரசம் கொப்பைக் காட்டியோ? நேத்துக் கட்டினதோ முந்தநாள் கட்டினதோ எண்டு கேப்பினம். எழுத்திலை இருக்கோ எண்டு கேப்பினம்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அவள் மட்டும் என்னைப் பார்க்காமல், "எத்தினை மாடு வேணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

போன வியாழன். காலை ஆறரை. பனி இன்னும் தரையில் கிடந்தது. நான் மதகடிக்குப் போனபோது அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். குழை இரண்டு கிழமை வெயிலில் வாடிச் சுருண்டு போயிருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள். பனியில் நனைந்து இறுகியிருந்ததால் பல்லாலும் கடிக்க வேண்டியிருந்தது. அவிழ்த்த குழையைக் கையில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தாள். மாசி மகத்தன்று அவிழ்க்கிற குழையை அம்மன் கோயில் கேணியில் போடுவது வழக்கம். இன்றைக்கு எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் என் சைக்கிள் கரியரில் வைத்தாள். "நீங்கள் கொண்டுபோங்கோ அண்ணை" என்றாள்.

மாடுகள் தயங்கவே இல்லை. இளம் புல்லைக் கண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கின. அவளும் இன்னும் நாலு பேரும் அவற்றை நடுவுக்குச் சாய்த்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் குளம்பு கணுக்கால் வரை புதைந்தது, இழுக்கும்போது உறிஞ்சுகிற சத்தம் வந்தது. குழிகளில் உடனே தண்ணீர் ஊறி நிறைந்தது. முட்டையிட இடம் பார்க்கத் தொடங்கியிருந்த ஆட்காட்டிக் குருவிகள் மேலே எழும்பிக் கத்திக்கொண்டே சுற்றின. ஒன்பது மணிக்கெல்லாம் மதகிலிருந்து நடுப்பகுதி வரைக்கும் ஒரு கறுப்புப் பாதை தெரிந்தது. ஏதோ எழுதவேண்டும் போல் இருந்தது. பேனை கொண்டுபோகவில்லை.

தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இளநீர்க் குலையொன்றும் வெட்டி நிழலில் வைத்திருந்தார். பத்து மணி. பதினொரு மணி. ஒழுங்கையில் வந்த வாகனம் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றோம். ஒன்று பாண் விற்கிற ஆட்டோ, அதன் பாட்டு எங்களைக் கடந்து நெடுநேரம் கேட்டது. பதினொன்று நாற்பதுக்குத் தலைவருடைய தொலைபேசி அடித்தது. அவர் "ஓம் சேர், ஓம் சேர்" என்று நாலைந்து தரம் சொன்னார். பிறகு தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"இண்டைக்கு வரேல்லையாம். கொழும்பிலை ஏதோ கூட்டமாம். வாற வியாழன் கட்டாயம் வருவினமாம்."

அவள் சேற்றோடு கரைக்கு வந்தாள். முழங்கால் வரை கறுத்திருந்தது.

"அப்ப மாட்டை ஏத்தட்டே?"

"ஏத்தினால் வியாழக்கிழமை திரும்ப இறக்கவேணும்," என்றார் தலைவர். "மிதிச்சது மிதிச்சதுதான். ஒரு கிழமைக்கு நிக்கட்டும் எண்டும் யோசிக்கலாம்."  தமக்கு எதிரே இருந்த அந்தக் கறுப்புப் பாதையை அவரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கிணறும் அதே கரையில்தான் இருக்கிறது.

அவள் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணை, ஒரு நாள் மிதிச்ச இடம் திரும்பப் புல்லு வர எவ்வளவு காலம் எடுக்கும்? உங்கடை கொப்பியிலை இருக்குந்தானே?"

போன ஆடியிலிருந்து எத்தனையோ பேர் என் கொப்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். உபயோகமான கேள்வி கேட்டவள் இவள் ஒருத்திதான். நான் நினைவில் எல்லா மாசிகளையும் ஓட்டிப் பார்த்தேன். மழை தவறிய வருடம் இருந்தது, வெள்ளம் வந்த வருடம் இருந்தது, புயல் வந்து நீரேரி உள்ளே ஏறிய வருடம் இருந்தது.

"இல்லை, தங்கச்சி. என்ரை காலத்திலை குழை கட்டின மாசத்திலை ஒருதரும் மாடு இறக்கேல்லை. அதாலை நான் எழுதேல்லை."

"அப்ப இண்டைக்கு எழுதுங்கோ," என்றாள். "எப்ப புல்லு வருகுது எண்டும் பாத்து எழுதுங்கோ. பிறகு வாற ஆரும் கேட்டால் சொல்லலாம்."

தலைவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாடுகளைக் கரைக்கு ஏற்றினாள். புல்லை விட்டு வர அவற்றுக்கு மனமில்லை. முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு ஒழுங்கை வேலியில் பச்சைப் பூவரசம் கொப்பொன்றை முறித்து வந்து கயிற்றில் கட்டினாள்.

"வியாழக்கிழமை வரைக்கும்தானே" என்றார் தலைவர்.

"வியாழக்கிழமை வரைக்கும் எண்டாலும் கட்டவேணும், சேர்."

வீட்டுக்கு வந்து கை கால் கழுவாமல் மேசையில் இருந்தேன். அன்றைய பக்கத்தில் நான் எழுதியது இது: "காலை 6.30. குழை அவிழ்க்கப்பட்டது. அதிகாரிகள் பார்ப்பதற்காக மாடுகள் தரவையில் இறக்கப்பட்டன. இறக்கக் கூடாத மாதம். அதிகாரிகள் வரவில்லை. பகல் 1.10. மாடுகள் ஏற்றப்பட்டுக் குழை மீண்டும் கட்டப்பட்டது." இருபத்தேழு கொப்பிகளுக்குப் பிறகு அந்தச் சொல் முதல் தடவையாக என் எழுத்தில் வந்திருக்கிறது.

எழுதி முடித்த பின்தான் அந்தப் பக்கம் என்ன செய்யும் என்று புரிந்தது. வழக்கத்தை நிறுவ எங்களிடம் இருக்கிற ஒரே எழுத்து அது. மாடுகளை நாங்கள் காட்சிக்காக இறக்கினோம் என்பதற்கான எழுத்தும் அதுதான். ஆலோசகர் கேட்டால் காட்டவேண்டும். காட்டினால் வியாழக்கிழமை சேற்றில் நிற்கப்போகிற மாடுகளை யாரும் நம்பமாட்டார்கள். மறைத்தால் குழை இன்னமும் எழுத்தில் இல்லாத குழைதான். கிழிக்கலாம். திகதி முத்திரையோடு முப்பது வருடம் இருந்தவனுக்குக் கிழிக்கிற கை இல்லை.

வாடிய பழைய குழை சைக்கிள் கரியரில் இருந்தபடியே கிடக்கிறது. இன்று செவ்வாய். காலை ஆறரைக்கு மதகடியில் நின்று பார்த்தேன். குளம்புக் குழிகளில் தண்ணீர் வற்றிவிட்டது. ஓரங்களில் மெல்லிய வெள்ளை படர்ந்திருக்கிறது. கயிற்றில் புதுக்குழை இன்னும் பச்சையாக இருக்கிறது. இரண்டையும் எழுதியிருக்கிறேன். நாளை புதன். நாளை மறுநாள் அவள் அதை அவிழ்க்கவேண்டும்.